சத்தம் கேட்டு வாங்கிய கவாத்துக் கத்தரி

முதல் நாள்

வள்ளியூரில் நான் வேலை பார்த்த ஹார்டுவேர் கடையில் செடிக் கருவிகள் கவுண்டருக்கு என்னை மாற்றிய அன்று, முதல் ஆளாக ஒருவர் வந்து கவாத்துக் கத்தரி கேட்டார். ரோஜா, எலுமிச்சை மாதிரிச் செடிகளின் கிளையைக் கழிக்கிற கைக்கத்தரி அது. இருப்பதில் நல்லதாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். அவர் அலகைப் பார்க்கவில்லை, ஸ்பிரிங்கைப் பார்க்கவில்லை. காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அழுத்தி அழுத்திப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"சத்தத்தையே காணோமேம்மா. வேற இருந்தா காட்டு."

மெல்லிய தகட்டில் செய்த மட்டச் சரக்கு ஒன்றைக் காட்டினேன். அழுத்தினால் 'டங்' என்று கேட்டது.

"இதுல்லா கத்திரி" என்று வாங்கிக்கொண்டு போனார்.

எங்கள் பக்கத்தில் தேங்காயைத் தட்டிப் பார்ப்போம், மண்பானையைச் சுண்டிப் பார்ப்போம், குத்துவிளக்கைத் தட்டிவிட்டுக் காது கொடுப்போம். எல்லாம் நியாயமான சோதனைதான். அதே காதைக் கத்தரிக்கும் கொண்டு வருவதில்தான் வில்லங்கம். நல்ல கத்தரியில் ஒரு அலகு இன்னொன்றை உரசிக்கொண்டு இறங்கும். பைபாஸ் என்போம். கைப்பிடிகள் இடித்துக்கொள்ளாமல் இருக்க நடுவில் சின்ன ரப்பர் உண்டு. அதனால் அது சத்தம் போடாது. இதை வருகிற எல்லோரிடமும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்கள். கேட்டுவிட்டு டங் கத்தரியை வாங்கிக்கொண்டு போனார்கள்.

செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்கள் தனி ரகம். வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் ஆப்பிள் தோப்பையே கழித்துக்கொண்டிருப்பார். இவர் வீட்டில் இருப்பது தொட்டியில் ஒரு ரோஜா. அலகு எந்த இரும்பு, கைப்பிடி எந்த நாடு என்றெல்லாம் விசாரிப்பார். கடைசியில் அவரும் காதில்தான் வைப்பார்.

ஸ்டூலும் ஃபேனும்

பைபாஸ் ரகத்தைக் கூடுதலாக வரவழைத்தது என் யோசனை. அது அலமாரியில் தூசி குடித்துக்கொண்டிருந்தது. ஒருநாள் முதலாளி அண்ணாச்சி கவுண்டருக்கு வந்தார்.

"ஆவுடை, ஒம் பேச்சைக் கேட்டு ஊமைக் கத்திரியா வாங்கி அடுக்கியிருக்கேன். பொங்கலுக்குள்ள எல்லாத்தையும் தள்ளிவிட்டுரு. இல்லன்னா இங்கன பெயிண்டை வைக்கப் போறேன். நீ பழையபடி ஆணிக்குப் போயிரு."

ஆணி இருப்பது கடையின் பின்கட்டில். சாக்குச் சாக்காக ஆணி, பிரித்தால் துருத்தூள், ஜன்னல் கிடையாது. எனக்கு இழுப்பு உண்டு. அங்கே இருந்தவரை இன்ஹேலர் இல்லாமல் ஒரு சாக்கைப் பிரித்ததில்லை. இந்தக் கவுண்டரிலோ வாசல் காற்று, தலைக்கு மேல் ஃபேன், உட்கார ஸ்டூல். அண்ணாச்சி சொன்னதும் பயந்துவிட்டேன், அதை மறைக்க என்ன இருக்கிறது.

மத்தியானம் கூட்டமில்லாத நேரத்தில் ஒரு ஸ்பேனரை எடுத்து நல்ல கத்தரிகளில் இரண்டு அலகையும் சேர்த்துப் பிடிக்கிற சென்டர் நட்டைக் கொஞ்சம் தளர்த்தினேன். ரப்பரையும் கழற்றி ஒவ்வொன்றாகப் பொட்டலம் கட்டினேன். அழுத்திப் பார்த்தால் கோயில் மணி தோற்றது.

சரக்கு பறந்தது. வாங்கிய ஒவ்வொருவரிடமும் பொட்டலத்தைக் கொடுத்து, "வீட்டுக்குப் போனதும் ரப்பரை மாட்டி, நட்டை இறுக்கிக்கிடுங்க" என்று சொன்னேன். எல்லோரும் "சரிம்மா" என்றார்கள். ஒருவரும் செய்யவில்லை. இவ்வளவு நன்றாகச் சத்தம் போடுகிற பொருளில் எதற்குக் கை வைப்பானேன் என்று விட்டிருப்பார்கள். அண்ணாச்சி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

தாசில்தார் வந்தார்

நாங்குநேரியில் ரிட்டயர் ஆன தாசில்தார் ஒருவர் எங்கள் வாடிக்கை. வேலை போனாலும் தோரணை போகவில்லை. ஒருநாள் காலையில் ஒரு கையில் கத்தரியும் மறு கையில் எலுமிச்சைக் கிளையுமாக நேரே அண்ணாச்சியிடம் போய் நின்றார். கிளையின் வெட்டுவாய், மென்று துப்பிய கரும்பு மாதிரி நார்நாராக இருந்தது.

"என்னவே அண்ணாச்சி, இதைப் பாரும். அழுத்துனா தெருவே திரும்பிப் பாக்கு. செடியில வச்சா மெல்லுது. ஒம்ம கடை அம்மாதான் குடுத்தது."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். எனக்கு ஃபேனுக்குக் கீழேயே மூச்சு முட்டியது. கத்தரியை வாங்கினேன். ரப்பர் எங்கே என்று கேட்டேன். பொட்டலம் பிரிக்காமல் அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. அதை மாட்டி, நட்டை இறுக்கி, வெளிச்சத்தில் பிடித்து அலகுகளுக்கு நடுவே இடைவெளி இல்லை என்று பார்த்துவிட்டு, அவர் கொண்டுவந்த கிளையிலேயே ஒரு வெட்டு வெட்டினேன். வெட்டுவாய் வழவழவென்று இருந்தது.

"இப்பப் பாருங்க சார். நட்டு லூசா இருந்திருக்கு."

எப்படி லூசானது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வெட்டுவாயைத் தடவிப் பார்த்தார். தானும் ஒரு வெட்டு வெட்டினார். முகம் மலர்ந்தது. பிறகு கத்தரியைக் காதில் வைத்து அழுத்தினார். மலர்ந்த முகம் வாடிவிட்டது.

"வெட்டு சரிதான். சத்தத்தைப் புடுங்கிட்டியேம்மா."

"சத்தத்தை எடுத்ததாலதான் சார் வெட்டுது."

"அது எனக்குப் புரியுதும்மா. சாயங்காலம் நான் தோட்டத்துல நிக்கது எதுத்த வீட்டு இன்ஜினியருக்கு எப்படித் தெரியும்? அவரு மிஷின் வச்சுல்லா புல்லு வெட்டுதாரு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கு."

ஜனங்களுக்குக் கத்தரி பார்க்கத் தெரியவில்லை என்று அத்தனை நாளும் தொண்டை வற்றப் பேசியிருக்கிறேன். அவர்கள் தங்களுக்கு வேண்டியதைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள் என்று அன்றுதான் உறைத்தது. கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அண்ணாச்சி வியாபாரி. அவருக்கு ஆச்சரியமே இல்லை.

"சார், ஒண்ணு செய்யுங்க. இது வெட்டுததுக்கு இருக்கட்டும். ஆள் பாக்கையில அடிக்கதுக்கு அந்த டங் கத்திரியில ஒண்ணு எடுத்துக்கிடுங்க."

தாசில்தார் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. கோப்பில் கையெழுத்துப் போடுவதற்கு முன் யோசிப்பவரைப் போல யோசித்தார்.

"அதுவும் சரிதான்வே" என்று இரண்டையும் எடுத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"ஏம்மா, இந்த டங் கத்திரியோட அலகைக் கொஞ்சம் மழுக்கித் தாயேன். தப்பித்தவறி செடியில பட்டுரக் கூடாதுல்லா."

சாணைக்கல்லில் வைத்து மழுக்கிக் கொடுத்தேன். என் சர்வீஸில் கூர் போடச் சொன்னவர்கள் ஏராளம். கூரை எடுக்கச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

கற்றுக்கொண்டது

அந்த வாரமே அண்ணாச்சி இரண்டு கத்தரியையும் ஜோடியாகக் கட்டித் தொங்கவிட்டார். பொங்கலுக்கு முன்பே அலமாரி காலி. பெயிண்டுக்கு வேறு இடம் பார்த்தார்கள். நான் ரிட்டயர் ஆகும்வரை அந்தக் கவுண்டரில்தான் இருந்தேன்.

இனி இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். பச்சைக் கிளைக்கு பைபாஸ் கொடுங்கள். காய்ந்த குச்சிக்கு, ஒரே அலகு தட்டையான இரும்பில் இறங்குகிற ஆன்வில் போதும். கத்தரி முழுக்க விரிந்திருக்கும்போதும் வாங்குகிறவர் விரல்கள் கைப்பிடியைச் சுற்றி எட்ட வேண்டும். நட்டும் ஸ்பிரிங்கும் தனியாக மாற்றக் கிடைக்கிறதா என்று பாருங்கள். கத்தரியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான். ஆனால் இதையெல்லாம் சொல்ல ஆரம்பிப்பதற்கு முன்னால், வந்தவரிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: செடி முன்வாசலில் நிற்கிறதா, புறவாசலிலா?

புறவாசல் என்றால் பைபாஸ் ஒன்று போதும். முன்வாசல் என்றால் பேசாமல் ஜோடியை எடுத்துக் கொடுங்கள்.