ஆறு தட்டும் ஓர் இரவல் மூடியும்

"வீட்ல எத்தனை பேரு?" என்று கடைக்காரர் கேட்டபோது ஆறு பேர் என்று சொல்லிவிட்டேன்.

ஒருத்தி என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். காரைக்குடியில் பழைய சாமான் விற்கும் கடை அது. கழற்றிப்போட்ட கதவு நிலைகளுக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பீங்கான் பூச்சுத் தட்டுகளை விரலால் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆறு பேருன்னா ஆறு எடுங்க. அஞ்சை எடுத்துட்டு ஒருத்தரைப் பட்டினி போட்றாதீக."

ஆறு எடுத்தேன்.

அப்போது நான் கோட்டையூரில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தேன். பக்கத்துக் கல்லூரியில் வேலை. கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் வெள்ளிக்கிழமை சாயங்காலமே பையைத் தூக்கிக்கொண்டு அவரவர் ஊருக்குப் போய்விடுவார்கள். எனக்கும் ஊர் இருக்கிறது. திருப்பத்தூர் பக்கம், ஒரே பஸ். ஒரு பஸ்ஸில் வந்து போகிற தூரத்துக்குத் தனி வீடு எதற்கு என்று அப்பா கேட்டார். காலை வகுப்பு, பஸ் நெரிசல் என்று ஏதேதோ சொன்னேன். நிஜக் காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கு ஒரு சாப்பாட்டு மேசை வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அப்பா வயலிலிருந்து வரும் நேரம்தான் அவருக்குச் சாப்பாட்டு நேரம். அம்மா எல்லாம் முடிந்தபின் அடுப்படியில் நின்றபடியே. நான் டிவி முன்னால். படிக்கப் போன ஊரில், தோழி வீட்டில், நாலு பேர் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒருவர் தட்டிலிருந்து இன்னொருவர் அப்பளத்தைப் பிடுங்கியதைப் பார்த்தேன். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு.

அப்பா சண்டை போடவில்லை. "அவ இஷ்டம்" என்று அம்மாவிடம் சொன்னதோடு சரி. ஆனால் ஏழு மாதமாகியும் வீட்டைப் பார்க்க வரவில்லை. நான் ஊருக்குப் போனால் பஸ்ஸில் இடம் கிடைத்ததா என்று கேட்பார், வீட்டைப் பற்றிக் கேட்க மாட்டார். அவர் ஒருநாள் வந்து அந்த மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எனக்கு அது போதும்.

முதலில் தேக்கு மேசை வந்தது, ஒரு கால் லேசாக ஆடும். பிறகு சாமான். இதில் நான் எவ்வளவு வேகமாகத் தேறினேன் என்பதை நினைத்தால் எனக்கே ஆச்சரியம். பித்தளை அழகுதான், ஆனால் ஈயம் பூசாமல் புளிக்குழம்பு ஊற்ற முடியாது. மங்குச் சாமான், அதாவது இரும்புத் தகட்டின் மேல் பீங்கான் பூச்சு ஏற்றியது, அதுதான் என் கட்சி. கவிழ்த்து அடிமுத்திரையைப் பார்க்க வேண்டும். உள்பக்கம் விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். வெளியே பூச்சு உதிர்ந்திருந்தால் பரவாயில்லை, உள்ளே கறுப்புப் புள்ளி தெரிந்தால் வேண்டாம், குழம்பில் இரும்பு வாடை வரும். வாங்கிய ஆறு தட்டில் நாலுக்கு நீல விளிம்பு, இரண்டுக்குப் பச்சை. அவற்றைத் துடைத்துத் துடைத்து அடுக்குவேன். ஒரு தட்டில் சாப்பிடுவேன், கழுவி அடியில் வைத்து, அடுத்த வேளைக்கு மேலே இருப்பதை எடுப்பேன். எல்லாத் தட்டுக்கும் வேலை இருக்கட்டும் என்று.

அதே கடையில்தான் அந்தச் சட்டியும் கிடைத்தது. வெள்ளை, நீல விளிம்பு, இரண்டு பக்கமும் காது, உள்ளே ஒரு கீறல் இல்லை. அடியில் யார் வீட்டுச் சாமான் என்று தெரிய மூன்று எழுத்து வெட்டியிருந்தது. மூடி மட்டும் இல்லை.

"மூடி எங்கண்ணே?"

"அது தம்பி பங்குல போயிருச்சு. பாகம் பிரிக்கையில உருப்படி எண்ணித்தான் பிரிப்பாக. சட்டி ஒரு உருப்படி, மூடி ஒரு உருப்படி. அண்ணன் வீட்டுச் சாமான் எங்கிட்ட வந்துச்சு. மூடி இன்னும் கண்டனூர் வீட்லதான் கெடக்கும்."

அந்த வாரம்தான் அம்மா போனில் சொன்னாள், "ஞாயித்துக்கெழமை அப்பா வாரேங்கிறாருத்தா. நான் ஒண்ணும் சொல்லல, அவராத்தான் சொன்னாரு. எத்தனை மணின்னு கேக்காத, கேட்டா வரமாட்டாரு."

எத்தனை மணி என்று தெரியாத விருந்தாளிக்குக் குழம்பு சூடாக இருக்க வேண்டும் என்றால் மூடி வேண்டும். என் வீட்டில் சில்வர் மூடி இரண்டு இருந்தது. அது கண்ணில் படவே இல்லை. சனிக்கிழமை காலை, கடைக்காரரிடம் வீட்டு அடையாளம் கேட்டுக்கொண்டு, சட்டியைத் துண்டில் சுற்றிக் கண்டனூர் டவுன் பஸ் ஏறிவிட்டேன்.

அதிர்ஷ்டம், எப்போதும் பூட்டிக் கிடக்கும் அந்த வீட்டை ஒரு கல்யாணத்துக்காகத் திறந்திருந்தார்கள். கல்யாணம் முடிந்து எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நாற்பது வயதிருக்கும் ஒரு பெண் வந்து என்ன என்று கேட்டார். "ஆச்சி" என்று ஆரம்பித்தேன்.

"ஆச்சின்னு கூப்பிட்டு எனக்கு இன்னும் பத்து வயசைக் கூட்டாதீங்க. என்ன, அது கையில?"

சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தவர் அந்த எழுத்தை விரலால் தடவினார். "எங்க பெரியப்பச்சி வீட்டுது" என்றார், அப்பாவின் அண்ணனைச் சொல்லி. பிறகு உள்ளே போய் மூடியைக் கொண்டுவந்தார். அது மல்லாந்து, அதற்குள் ஒரு குவியல் சாவி. அந்த வீட்டு அறைச் சாவிகள் எல்லாம் வருஷக்கணக்காக அந்த மூடிக்குள்தானாம்.

மூடியைச் சட்டியில் வைத்தோம். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது.

விலை கேட்டேன். தலையாட்டி மறுத்தார். "இது எனக்கு மட்டும் சொந்தமில்ல. பதினோரு பங்காளி. மூடி எங்கன்னு பதினோரு வீட்ல இருந்தும் எனக்குப் போன் வரும்."

நாளைக்கு எங்கப்பா சாப்பிட வருகிறார் என்றேன். அதை ஏன் அவரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் சாவிகளைத் தாம்பாளத்தில் கொட்டிவிட்டு மூடியை என்னிடம் நீட்டினார். "நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள வந்துரணும். நாங்க பூட்டிட்டுக் கெளம்பிருவோம்."

ஞாயிறு பதினொரு மணிக்கெல்லாம் நாட்டுக்கோழிக் குழம்பு சட்டியில், மூடி அதன்மேல். மேசையில் இரண்டு தட்டு வைத்துப் பார்த்தேன். அவ்வளவு பெரிய மேசையில் அது யாரோ எழுந்து போன மாதிரி இருந்தது. ஆறு தட்டையும் வைத்தேன், டம்ளர்களோடு. நிறைந்துவிட்டது. ஒரு படம்கூட எடுத்தேன்.

பன்னிரண்டு. ஒன்று. கீழே பஸ் நிற்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் மாடிப்படி பக்கத்து ஜன்னலுக்குப் போவேன். இரண்டு மணிக்கு அப்பாவுக்குப் போன் செய்தேன். அம்மா எடுத்தாள்.

"போனை இங்கயே போட்டுட்டு வயலுக்குப் போனாருத்தா. அறுப்பு மிஷின் இன்னிக்குத்தான் வந்துச்சு. இன்னும் வீடு திரும்பல. இனிமே எங்கிட்டு வரப் போறாரு. நீ சாப்பிடு."

நான் சாப்பிடவில்லை. மூன்றரைக்கு மூடியைத் தூக்கினேன். உள்ளிருந்து வெதுவெதுப்பான வாசனை முகத்தில் அடித்தது. நாலரை மணி நேரம் அது சூட்டை வைத்திருந்தது. மூடியைக் கழுவித் துடைத்து, சட்டிமேல் ஒரு சில்வர் மூடியை வைத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக் கண்டனூர் பஸ் ஏறினேன்.

பெரிய வீட்டில் அந்தப் பெண் மட்டும்தான் இருந்தார். சாவிகளை மறுபடி மூடிக்குள் போட்டுக்கொண்டே, "அப்பா வந்தாகளா?" என்று கேட்டார்.

"வந்தாரு" என்றேன். ஆறு பேர் என்று சொன்ன அதே வாய்.

"சட்டி பிடிச்சுச்சா?"

"ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாரு."

திரும்பி வரும்போது வெயில் இறங்கிவிட்டது. மாடிக் கதவில் ஒரு மஞ்சள் பை தொங்கியது. உள்ளே பிஞ்சுக் கத்தரிக்காய், எங்கள் தோட்டத்துக் காய். பையின் காதில் வைக்கோல் தூசி.

அம்மா போனை அவரிடம் கொடுத்தபோது ஏழு மணி. அப்போதுதான் வீடு சேர்ந்திருந்தார்.

"வயல்லயிருந்தே பஸ் ஏறிட்டேன். வர நாலரை ஆயிப்போச்சு."

"பூட்டியிருந்தா உக்காந்திருக்கலாம்லப்பா. அஞ்சரைக்கெல்லாம் வந்துட்டேனே."

"உக்காரலாம்னுதான் நெனச்சேன். ஜன்னல் வழியாப் பாத்தேன். ஆறு தட்டு வச்சிருந்த. காலேஜு ஆளுக வாராக போலன்னு நெனச்சேன். நான் அறுப்புத் தூசியோட நிக்கிறேன். அவுக முன்னாடி எதுக்குன்னு எறங்கிட்டேன்."

அந்த மேசையைப் பார்த்தபடி நின்றேன். நாலு நீலம், இரண்டு பச்சை.

"யாரும் வரலப்பா. நீங்க மட்டுந்தான்."

"அப்ப எதுக்கு ஆறு?"

"ரெண்டு வச்சா வெறிச்சுன்னு இருந்துச்சு."

அந்தப் பக்கம் அம்மா அவரிடம் ஏதோ கேட்பது காதில் விழுந்தது.

"தட்டு நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் அப்பா. "காய வதங்க விட்றாத" என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

நாலு தட்டை எடுத்து அலமாரியில் வைத்தேன். மீதி இரண்டில் ஒன்றில் சோறு போட்டு, ஆறிப்போன குழம்பை ஊற்றிச் சாப்பிட்டேன். எதிரே இருந்த பச்சை விளிம்புத் தட்டை அன்றைக்கு எடுக்கவில்லை. மறுநாள் காலையில், கல்லூரிக்குக் கிளம்பும்போதுதான், தூசி படியுமே என்று கவிழ்த்து வைத்தேன்.