நான்காம் வண்டி

என் வீட்டு மேசையில் ஒரு வாக்கிடாக்கி இருக்கிறது. கறுப்பு நிறம், உள்ளங்கையில் அடங்கும், முதுகில் நான் அச்சடித்துக் கொடுத்த மஞ்சள் ஸ்டிக்கர், அதில் 4 என்ற எண். திறந்தால் மழை பெய்வது மாதிரி இரைச்சல் வரும். எதிர்ப்பக்கம் யாராவது பொத்தானை அழுத்தினால் மட்டும் அந்த இரைச்சல் சட்டென்று நிற்கும். தினமும் காலை ஏழு மணிக்கு அதை ஐந்து நிமிடம் திறந்து வைத்துக் கேட்டுவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன். வீட்டுக்கு வருகிறவர்கள், "இது எதுக்குக்கா, கையிலதான் ஹேண்ட்போன் இருக்கே?" என்பார்கள். எங்கள் அத்தானுடையது என்பதோடு நிறுத்திக்கொள்வேன். மிச்சத்தையும் சொன்னால் இவளுக்குக் கழன்றுவிட்டது என்பார்கள்.

அத்தான் என் அக்காவின் கணவர். கிள்ளான் பக்கம் பண்டமாரானில் லோரி பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமையானால் ஃபோர்வீல் வண்டி, சேறு, காடு. "இந்த மனுசன் என்னையக் கட்டுனாரா, அந்த வண்டியக் கட்டுனாரா?" என்று அக்கா புலம்பாத வாரம் கிடையாது. காட்டில் அவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. வண்டிக்கு ஒரு எண், அந்த எண்தான் ஆளுக்கும். காலை ஏழு மணிக்கு முதல் வண்டி "ஒன்னு" என்று வாக்கிடாக்கியில் ஆரம்பிக்கும், மற்றவர்கள் வரிசையாகத் தொடர்வார்கள். "பேரு தெரிஞ்சுக்கிச்சுன்னா காடு கூப்பிடும் பாப்பா. நம்பரச் சொன்னா அதுக்கு ஒன்னும் புரியாது," என்பார். நாற்பது வயதிலும் நான் அவருக்குப் பாப்பாதான். "அப்ப காட்டுக்கு எண்ணத் தெரியாதா அத்தான்?" என்று ஒருமுறை கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவர் எப்போதும் ஐந்து, கடைசி வண்டி. கடைசி வண்டிக்காரர் யாரையும் முந்தக் கூடாது, எல்லாரும் போன பிறகுதான் அவர் போக வேண்டும். அவருக்கு முன்னால் போகும் நான்காம் வண்டி அவருடைய பால்ய நண்பருடையது. ஒரு பயணத்தில், தாய்லாந்து எல்லைக்கு அந்தப் பக்கம் ஆற்றங்கரைக் காட்டில், நண்பர் கயிறு இறுக்க வண்டியை நிறுத்தி, "நீ முன்னாடி போலா, நான் பின்னாடியே வரேன்," என்றிருக்கிறார். மழை வலுத்துக்கொண்டிருந்தது. அத்தான் முந்திப் போய்விட்டார். அரை மணி நேரத்தில் ஆறு பொங்கியது. மறுநாள் வண்டி கிடைத்தது. ஆள் கடைசிவரை கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அத்தான் காட்டுப் பக்கமே போகவில்லை. மூன்றாம் வருடம் திடீரென்று அதே ஆற்றுக்குப் போக வேண்டும் என்று கிளம்பினார். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் ஞாயிறு மதியம் திட்டம் போடுவார்கள். மிச்சம் இருந்த நான்கு பேர், வரைபடம், அப்பளம், தே தாரேக் டீ. காகித வேலைக்கு நான். துறைமுகத்தில் ஃபார்வர்டிங் ஆபிசில் இருபது வருடமாகக் கண்டெய்னர் பட்டியல் தட்டச்சு செய்கிறவள், நாலு வண்டியை எல்லை தாண்ட வைப்பது என்ன பெரிய காரியம்? எதற்கு மறுபடியும் அங்கே என்று அத்தானைக் கேட்டேன். ரசத்தில் கைவிட்டபடியே சொன்னார்: "அவன முன்னாடி விட்டுட்டு நான் பின்னாடி வரணும் பாப்பா. அன்னிக்கு மாத்திச் செஞ்சுட்டேன்."

அவர் கைப்பட எழுதிக் கொடுத்த பட்டியலில் ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து என்று இருந்தது. என் தொழிலில் வரிசை எண் ஒன்று விடுபட்டால் சுங்கத்தில் மொத்தக் கட்டையும் திருப்பி எறிவார்கள். இருபது வருடப் பழக்கம், கை யோசிக்கவே இல்லை. ஐந்தை நான்காக்கி, பட்டியல் தயாரித்து, முத்திரை வாங்கி, வண்டிக்கும் வாக்கிடாக்கிக்கும் ஸ்டிக்கர்கூட அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன், அதுவும் பெருமையாக. முதல் வண்டிக்காரர்தான் மெல்ல, "அக்கா, நாலு நாங்க போடுறதில்லலா," என்றார். மாற்றித் தருகிறேன் என்று கை நீட்டினேன். அத்தான் ஸ்டிக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருக்கட்டும்," என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பு, கிள்ளானுக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில் வண்டிகளையும் வாக்கிடாக்கிகளையும் சோதித்துப் பார்த்தார்கள். நல்ல வெயில். நான் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு அத்தானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கடைசி வண்டி எங்களுடையது. "ஒன்னு." "ரெண்டு." "மூணு." அத்தான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், வாக்கிடாக்கி அவருக்கு முன்னால் கிடந்தது, அதை அவர் தொடவில்லை. இரைச்சல் நின்றது. "நாலு. பின்னாடிதான் இருக்கேன்," என்றது ஒரு குரல். முன்னால் போன வண்டிகள் அத்தான்தான் பேசினார் என்று நினைத்து நகர ஆரம்பித்தன. நான் திரும்பிப் பார்த்தேன். செம்மண் பாதை, இரண்டு பக்கமும் செம்பனை, வேறு ஒன்றும் இல்லை. அத்தானைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "அவன்தான்லா," என்றார், ஊரிலிருந்து வந்த சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி. குரலைவிட அந்தச் சிரிப்புதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது.

அத்தானின் வண்டி இன்னும் வங்கிக் கடனில் இருந்தது. அப்படிப்பட்ட வண்டி எல்லை தாண்ட வேண்டுமானால் வங்கியின் அனுமதிக் கடிதம் வேண்டும். கடிதம் செவ்வாய்க்கிழமை என் ஆபிசுக்கு வந்தது. அதை என் இழுப்பறையில் பழைய கோப்புக்கு அடியில் செருகிவிட்டு, "இன்னும் வரல அத்தான்," என்றேன். வெள்ளிக்கிழமை வரை தினமும் கேட்டார், தினமும் அதையே சொன்னேன். என் அக்கா தாலியைவிடவா ஒரு மனுசனின் ஆசை பெரிது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "எங்க வண்டில ஏறிக்குங்கண்ணே," என்று மற்றவர்கள் கெஞ்சினார்கள். "கடைசி வண்டி இல்லாம நான் எதுக்கு?" என்று மறுத்துவிட்டார். மூன்று வண்டிகள் மட்டும் போயின.

எட்டு நாள் கழித்துப் பத்திரமாகத் திரும்பினார்கள். அதே கடை, அதே மேசை. முதல் வண்டிக்காரர் இலையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. தெனமும் காலையில மூணோட நிறுத்துவோம். அப்புறம் நாலுன்னு வரும். பின்னாடிதான் இருக்கேன்னு வரும். நீங்க எப்படியாச்சும் வந்துட்டீங்கன்னு ரெண்டு தடவ வண்டியத் திருப்பிப் போய்ப் பாத்தோம்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா என் பக்கம் திரும்பினாள். அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. அந்த எட்டு நாளும் காலை ஏழு மணிக்கு அத்தான் வீட்டு வாசலில் நின்ற வண்டியில் ஏறி உட்கார்ந்து, வாக்கிடாக்கியை வாயருகே வைத்து, "நாலு, பின்னாடிதான் இருக்கேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கருவியில் பேசினால் கிள்ளான் டவுன்வரைகூடச் சரியாகக் கேட்காது.

அத்தான் நிதானமாகக் கேட்டார். "நாலுன்னு காலையில ஒரு தடவ வந்துச்சா, ரெண்டு தடவயா?"

"ரெண்டு தடவண்ணே. ஒன்னு சொல்லி முடிச்சதும் இன்னொன்னு. எக்கோன்னு நெனச்சோம்."

அத்தான் இலையை மடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். கடை நிறைய ஆள் இருக்கும்போது அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த வருடமே நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் அக்கா கேன்டீனுக்குப் போயிருந்த நேரம், கண்ணை மூடியபடியே கேட்டார்: "பாப்பா, அந்த லெட்டர் நேரத்துக்கே வந்துருச்சுல்ல?" பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வந்துச்சு அத்தான்," என்றேன். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். என் கையைத் தட்டிக்கொடுத்தார். "உங்க அக்காவுக்காகச் செஞ்ச. சரிதான். ஆனா அவன் எவ்வளவு நாளா காத்துக்கிட்டு இருக்கான் பாரு." இரண்டு நாளில் போய்விட்டார். அக்காவுக்கு ஒரு வருடம் கூடுதலாக அவரை வாங்கிக் கொடுத்தேனா, ஒரு மனிதனின் கடைசி ஆசையைத் திருடினேனா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கடிதம் இன்னும் அதே இழுப்பறையில்தான் இருக்கிறது.

இந்த வருடம் அக்கா மகன் அப்பாவின் வண்டியை எடுத்துக்கொண்டு அதே ஆற்றுக்குக் கிளம்பினான், அதே மூன்று பேரோடு. காகித வேலைக்கு வேறு யார்? அக்கா என்னைப் பார்த்தாள், தடுக்கச் சொல்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை. நான் தடுக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து என்று தட்டச்சு செய்தேன். எல்லையில் காகிதங்களைப் பார்க்கும் பெண் போன் செய்தாள்.

"ஆன்டி, லிஸ்ட்ல நாலு மிஸ்ஸிங்லா."

"மிஸ்ஸிங் இல்லம்மா. அந்த வண்டி முன்னாடியே போயிருச்சு. அப்படியே விடு."

நேற்று அவர்கள் காட்டுக்குள் நுழைந்தார்கள். இன்று காலை ஏழு மணிக்கு வாக்கிடாக்கியைத் திறந்தேன். எப்போதும்போல மழை இரைச்சல். இத்தனை வருடத்தில் நான் அதில் ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்று பொத்தானை அழுத்தி, சொன்னேன்: "நாலு, நீங்க முன்னாடி போங்க. அஞ்சு பின்னாடி வருது."

பொத்தானை விட்டேன். இரைச்சல் திரும்பி வந்தது. பிறகு ஒரு தடவை நின்றது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை.