மாஸ்க் ஒட்டுகிற முகம்

நாங்கள் வேலை பார்க்கிற கோல்ட் ஸ்டோரேஜில் என் வீட்டுக்காரருக்கு வைத்த பெயர் மோப்பம். கேட்டுக்குள் நுழைந்ததும் மூக்கைத் தூக்கி நாலு பக்கமும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வருகைப் பதிவேட்டைத் தொடுவார். அமோனியா வாடை வருகிறதா என்று பார்க்கிறாராம். வீட்டிலும் அதே கதைதான். நான் பாத்ரூம் கழுவினால் எங்கிருந்தோ ஓடி வந்து ஜன்னலைத் திறப்பார். கல்யாணமான புதிதில், இப்படி ஒரு பயந்தாங்கொள்ளியை எங்கே தேடிப் பிடித்தீர்கள் என்று என் அம்மாவிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

அந்தப் பயந்தாங்கொள்ளிக்கு வேலை கம்ப்ரசர் ரூமில். பழங்கள் கெடாமலிருக்க அந்தக் கட்டடத்தையே குளிர வைப்பது அமோனியாதான். குழாய்க்குள் இருக்கிற வரை அது பரம சாது. வெளியே வந்தால் கண்ணைப் பொசுக்கும், நெஞ்சை அடைக்கும், கொஞ்சம் கூடினால் ஆளையே முடித்துவிடும். அதனால் அந்த ரூம் கதவுக்கு வெளியே ஓர் அலமாரியில், முகம் முழுவதும் மூடுகிற மாஸ்க்கும் முதுகில் மாட்டிக்கொள்ளும் காற்று சிலிண்டரும் எப்போதும் தயாராக இருக்கும். மாஸ்க்கின் ரப்பர் விளிம்பு வெறும் தோலில் உட்கார்ந்தால்தான் ஒட்டும். நேற்று முளைத்த தாடி நடுவில் நின்றால்கூட இடுக்கு விழுந்துவிடும். ஆகையால் கம்ப்ரசர் ரூம் ஆட்கள் தினமும் முகத்தை மழமழவென்று வைத்துக்கொண்டு வர வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டத்தை எங்களுக்குப் படித்துக் காட்டிய சூப்பர்வைசருக்கு நெஞ்சு வரை தாடி. அவர் மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர், வைத்துக்கொள்ளலாம்.

என் தம்பியும் அதே ரூமில்தான் வேலை பார்த்தான். அவனுக்கு முகத்தில் பூனைமுடி. பல் விளக்கிக்கொண்டே ஷேவ் செய்துவிட்டு வருவான். இவருக்கோ கம்பி மாதிரி சுருட்டை முடி, தொட்டால் சிவக்கிற தோல். தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நிற்பது இவருக்குத் தண்டனை.

முதலில் தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக் ரேசர்தான் வாங்கினார். மலிவு என்று வாங்கி, அந்த மலிவையும் மிச்சம் பிடிக்க ஒரே ரேசரை மழுங்க மழுங்க இழுத்தார். அது முடியை வெட்டவில்லை, பிடுங்கியது. அடுத்து மூன்று பிளேடு வைத்த, கைப்பிடி வளைந்த, விளம்பரத்தில் ஆணழகன் தடவிப் பார்க்கிற ரேசர். அதன் தலையை மாற்ற ஆகிற விலைக்கு ஆளின் தலையையே மாற்றிவிடலாம். முதல் பிளேடு முடியை இழுத்துப் பிடிக்கும், பின்னால் வருவது தோலுக்குக் கீழே வெட்டும். வெட்டுப்பட்ட சுருட்டை முடி வெளியே வர வழி தெரியாமல் உள்ளேயே வளர்ந்து, கழுத்தெல்லாம் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. பிறகு பேட்டரி டிரிம்மர். அது வலிக்கவே இல்லை. பார்க்கவும் சுத்தமாகத்தான் இருந்தது, தடவினால் உப்புத்தாள். மாதாந்திரச் சோதனையில் மாஸ்க் போட்டுப் பார்த்தபோது தாடையோரம் உஸ்ஸென்று காற்று போனதாம். அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை.

"வேணாங்க, வேற செக்ஷனுக்கு மாத்திக் கேளுங்க" என்றேன்.

"கேட்டேன்மா. பயப்படுறவன்தான் அந்த ரூமுக்கு வேணும்னு சூப்பர்வைசர் சொல்றாரு. தைரியசாலிங்க வால்வை ஒழுங்கா மூட மாட்டாங்களாம்."

கடைசியாக வாங்கியது ஒற்றை பிளேடு போடுகிற பழைய மாதிரி எஃகு ரேசர். கையில் எடுத்தால் நல்ல கனம். ஒரு டீ குடிக்கிற காசுக்கு ஒரு பாக்கெட் பிளேடு, மாதக்கணக்கில் வரும். ஒரே பிளேடு என்பதால் தோல் மட்டத்தோடு வெட்டி நிறுத்திவிடும், உள்ளே தோண்டாது. இவர் மாதிரி முகத்துக்கு அதுதான் சரி என்று செல்போனில் ஏகப்பட்ட வீடியோ பார்த்துப் பாடம் பண்ணி வைத்திருந்தார். சாய்த்துப் பிடிக்க வேண்டும், அழுத்தவே கூடாது, ரேசரின் கனமே வேலையைச் செய்யும், முடி வளர்ந்த திசையிலேயே போக வேண்டும். எல்லாம் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார். ஆனால் அந்த பிளேடின் விளிம்பைப் பார்த்தாலே இவருக்கு உள்ளங்கை வேர்த்துவிடும்.

எங்கள் பெண்ணின் பலூனை ஊதி, மேலே சோப்பு நுரையைத் தடவி, அதில் பழகினார். பலூன் வெடித்தது. அடுத்ததும் வெடித்தது. நுரை தெறித்த முகத்தோடு நின்றவரைப் பார்த்து நானும் பெண்ணும் வயிறு வலிக்கச் சிரித்தோம். கொடுங்கள் இப்படி என்று வாங்கி நான் ஒரு பலூனை வழித்தேன், வெடிக்கவில்லை. "பலூனுக்கு ரத்தம் வராதும்மா" என்றார். அவர் சிரிக்கவில்லை.

அதற்குள் கழுத்துக் கொப்புளங்கள் சீழ் கட்டின. ஆறும்வரை கத்தியே படக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவரை நான் வேலை பார்க்கிற பேக்கிங் ஹாலுக்கு, எடை போடுகிற இடத்துக்கு மாற்றினார்கள். கம்ப்ரசர் ரூமைத் தம்பி பார்த்துக்கொண்டான். புண் ஆறிய பிறகும் இவர் தாடியை எடுக்கவில்லை. ரேசரைத் துணியில் சுற்றி டிபன் பைக்குள் வைத்துக்கொண்டு, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தார்.

அப்படி ஒரு முற்பகலில்தான் சைரன் ஊதியது.

நாங்கள் எல்லோரும் முற்றத்துக்கு ஓடினோம். கண் எரிந்தது. மூக்குக்குள் யாரோ ஊசியை ஏற்றுகிற மாதிரி இருந்தது. எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டே போனேன். வீட்டுக்காரர் இருந்தார். தம்பி இல்லை.

கம்ப்ரசர் ரூம் கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதன் வழியாகப் பார்த்துவிட்டு சூப்பர்வைசர் திரும்பினார். தாடி வரை முகம் வெளுத்திருந்தது. கதவுக்குப் பக்கத்தில் இருக்கிற வால்வு பிய்த்துக்கொண்டு வெள்ளையாகப் பீய்ச்சுகிறது. தம்பி அதற்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டான். கடைசிச் சுவரோரம், தரையோடு தரையாகக் குப்புறக் கிடக்கிறான்.

"ஈரத் துணிய மூஞ்சில வெச்சிருக்கான். கால் அசையுது" என்றார். "ஃபயர் சர்வீஸ் கிளம்பிட்டாங்க. ரயில்வே கேட்டுல நிக்கிறாங்களாம்."

மாஸ்க் போட்டுப் பழகிய இன்னொருவர் அன்று லீவு. மிச்சம் இருந்தது என் வீட்டுக்காரர்தான்.

அவர் அலமாரியைத் திறந்தார். சிலிண்டரை மாட்டினார், மாஸ்க்கை முகத்தில் வைத்து வார்களை இழுத்தார், காற்று வருகிற துவாரத்தை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு மூச்சை இழுத்தார். ரப்பர் முகத்தோடு ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை. தாடையோரம் காற்று உள்ளே போகிற சத்தம் எனக்கே கேட்டது. மாஸ்க்கைக் கழற்றினார்.

"கசியுது."

"பரவால்ல, மூச்சப் புடிச்சிக்கிட்டு ஓடுங்க. ரெண்டு நிமிஷ வேலைதானே" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"ரெண்டு மூச்சு போதும், நானும் அங்கயே விழுந்துடுவேன். அப்புறம் ரெண்டு பேர இழுக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தன் டிபன் பையை நோக்கி ஓடினார். ரேசரையும் பிளேடையும் எடுத்துக்கொண்டு, முற்றத்து ஓரத்தில் கை கழுவுகிற தொட்டிக்குப் போய், மேலே மாட்டியிருந்த ரசம் போன கண்ணாடி முன்னால் நின்றார்.

"உள்ள ஆளு கிடக்குறான், இவரு மாப்பிள்ளை கணக்கா அலங்காரம் பண்றாரு" என்று யாரோ காறித் துப்பினார்கள். எனக்கும் பற்றிக்கொண்டுதான் வந்தது. உள்ளே கிடப்பது என் தம்பி. நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். இந்த மனுஷன் சாக்குத் தேடுகிறாரா என்று பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் போனேன்.

போய்ப் பார்த்தால் அவர் கை நடுங்குகிறது. சாதாரண நடுக்கம் இல்லை, ரேசர் குழாயில் இடித்துத் தாளம் போடுகிறது. தாடையில் அதற்குள் ஒரு கோடு விழுந்து ரத்தம் சட்டைக் காலரில் இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் என்னைப் பார்த்தார். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ரேசரை அவர் கையிலிருந்து வாங்கினேன்.

கை கழுவுகிற சோப்பைத் தேய்த்து அவர் முகத்தில் பூசினேன். "காதோரம், தாடையோரம், தாடைக்கு அடியில" என்றார். "ரப்பர் உக்கார்ற இடம் மட்டும் போதும். அழுத்தாத."

பிளேடை அவர் தோலில் வைத்தேன். முதல் இழுப்பில் முடி கரகரவென்று வந்தது. தோல் தெரிந்தது. இரண்டாவது இழுப்பில்தான் எனக்கு உறைத்தது, நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று. நான் நன்றாக வழிக்க வழிக்க இவர் உள்ளே போவது உறுதியாகிக்கொண்டே வருகிறது. மோசமாக வழித்து, அது தெரியாமல் உள்ளே போய்விட்டால் இவர் திரும்பி வர மாட்டார். வழிக்காமலே விட்டால் தம்பி வர மாட்டான். கத்தி என் கையில். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்தது கிடையாது. பிரசவத்தில்கூட இல்லை.

தாடைக்கு அடியில் வந்தபோது அவர் தலையை நிமிர்த்திக்கொண்டார். தொண்டையில் நாடி துடிப்பது பிளேடுக்குக் கீழே தெரிந்தது. ஆறிய கொப்புளத் தழும்புகள் மேடு மேடாக இருந்தன. ஒவ்வொன்றையும் சுற்றிப் போனேன்.

"நல்லா எடு" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். "கொஞ்சம் விட்டுட்டாக்கூடப் போதும், போக வேணாம்னு எனக்கு நிம்மதியாயிடும். அதனால நல்லா எடு."

நல்லா எடுத்தேன். தண்ணீரை வாரி அடித்துக் கழுவினேன், விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். முகத்தைச் சுற்றி ஒரு பட்டை மட்டும் வெறுந்தோல், நடுவில் தாடி அப்படியே இருந்தது. வேறொரு நாளாயிருந்தால் மொத்த கோல்ட் ஸ்டோரேஜும் சிரித்திருக்கும்.

மறுபடி மாஸ்க்கை மாட்டினார். வார்களை இழுத்தார். உள்ளங்கையால் துவாரத்தை அடைத்தார். நான் அவர் எதிரில் நின்றேன். மூச்சை இழுத்தார்.

ரப்பர் சுற்றிலும் சுருங்கி அவர் முகத்தைக் கவ்விக்கொண்டது. ஒரு சத்தமும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அவர் கண்கள் என்னைப் பார்த்தன. என் முகத்தில் அவர் என்ன பார்த்தாரோ, அதையேதான் நானும் அவர் கண்ணில் பார்த்தேன்.

இடுப்பில் கயிற்றைக் கட்டினார்கள். சூப்பர்வைசர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். கதவு திறந்ததும் வெள்ளைப் புகை வெளியே சாய்ந்தது, நாங்கள் பின்னால் ஓடினோம், அவர் அதற்குள் போய்விட்டார். கயிறு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. பிறகு நின்றுவிட்டது. நான் என் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தேன். யாருக்காக அழுகிறேன் என்று கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது.

கயிறு இரண்டு தடவை சுண்டியது. இழுத்தார்கள். வீட்டுக்காரர் பின்பக்கமாக நடந்து வெளியே வந்தார், தம்பியின் இரண்டு அக்குளிலும் கைகொடுத்து இழுத்தபடி. தம்பி இருமினான். அந்த இருமலைக் கேட்டுத்தான் நான் தரையில் உட்கார்ந்தேன்.

தம்பியின் கண்ணில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். பிறகு ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள், பிழைத்துக்கொள்வான் என்றார்கள். துப்பியவரே வந்து இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லோரும் முதுகில் தட்டினார்கள். இவர் மாஸ்க்கைக் கையில் பிடித்தபடி வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"ஒட்டக் கூடாதுன்னு நெனச்சேன்மா" என்றார்.

"நானுந்தாங்க" என்றேன்.