அடைப்புக்குறிக்கு வெளியே ஓர் ஒன்று

துர்தாலி வாத்தியாருக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. உட்காருவார், எழுந்திருப்பார், வாசல் கதவைத் திறந்து தெருவைப் பார்ப்பார், மூடுவார். உஸ்பெகிஸ்தானின் கோகந்த் ஊர்ப் பள்ளியில் கணக்கு நடத்தும் மனிதர். பாதியில் நிற்கும் வகுத்தல் எந்தக் கரும்பலகையில் கண்ணில் பட்டாலும், அடுத்தவர் வகுப்பென்றும் பாராமல் உள்ளே புகுந்து முடித்துவிட்டு வரும் ரகம். அன்று அவர் மகள் முஹய்யோவுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் வந்து, பெரியவர் ஒருவர் ரொட்டியை உடைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதன்பின் பெண் அவர்களுடையவள்.

"மூணு தெரு தள்ளித்தானே போகப்போறா. என்னமோ தாஷ்கண்டுக்கு அனுப்புற மாதிரி குட்டி போட்ட பூனையாட்டம் சுத்துறீங்க" என்றாள் மனைவி ஸனோபர்.

"யாரு சுத்துறா? காத்து வாங்குறேன்."

மாப்பிள்ளையின் அப்பா ஹோஷிம்ஜானும் அதே பள்ளியில் கணக்கு வாத்தியார்தான். ஆசிரியர் அறையில் இருவருக்கும் பல வருஷத்து வழக்கு ஒன்று உண்டு. அங்கே தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளிதான்; 0,(9) என்று எழுதினால், அடைப்புக்குறிக்குள் உள்ள ஒன்பது முடிவே இல்லாமல் திரும்பத் திரும்ப வருகிறது என்று பொருள். அது ஒன்றுக்குச் சமம் என்பார் ஹோஷிம்ஜான். கொஞ்சம் குறையும் என்பார் துர்தாலி. புத்தகம் ஹோஷிம்ஜான் பக்கம்தான். ஆனால் துர்தாலியின் பிடிவாதம் புத்தகத்துக்கெல்லாம் மசிகிற சாதி இல்லை.

விருந்தாளிகள் வந்தார்கள். தேநீர் ஊற்றினார்கள். தெருப் பெரியவர் ரொட்டியைக் கையில் எடுத்ததும் துர்தாலி குறுக்கே கையை நீட்டினார்.

"சம்பந்தி, அதுக்கு முன்னாடி நம்ம வழக்கை முடிச்சிடலாம்."

"இப்பவா?" என்றார் ஹோஷிம்ஜான்.

"பொண்ணை வாங்கிட்டா அப்புறம் நீங்க எங்க எனக்குப் பதில் சொல்லப்போறீங்க?"

"சரி. மூணுல ஒரு பங்கு 0,(3). மூணு தடவை சேத்தா 0,(9). மூணு பங்கும் சேந்தா முழுசு ஒண்ணு. முடிஞ்சுதா? ஐயா, நீங்க உடைங்க."

"இருங்க, இருங்க. குறையுது."

"எவ்வளவு குறையுதுன்னு எழுதிக் காட்டுங்க. ஒத்துக்கறேன்."

துர்தாலி விரிப்பை ஒதுக்கினார். சட்டைப் பையிலிருந்த சாக்பீஸை எடுத்து மேசைப் பலகையில் எழுதினார்: 0,(0)1. ஸனோபர் தலையில் அடித்துக்கொண்டாள்.

"முடிவே இல்லாம பூஜ்யம். அதுக்கப்புறம் ஒரு ஒண்ணு. அவ்வளவுதான் குறையுது."

ஹோஷிம்ஜான் சிரிக்க வாயைத் திறந்தார். துர்தாலி சாக்பீஸைக் கீழே வைக்காததைப் பார்த்து அடக்கிக்கொண்டார். பெரியவர் ரொட்டியை மடியில் வைத்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இந்த ஆளுக்குச் சம்மதம் இல்லையோ என்று ஒருத்தி முணுமுணுத்தது எல்லோர் காதிலும் விழுந்தது. இன்னும் சற்று நேரம் போனால் எழுந்துவிடுவார்கள் போலிருந்தது.

அப்போது உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. நிச்சயத்தன்று பெண் வாய் திறக்கும் வழக்கமே அங்கே இல்லை.

"அப்பா, முடிவே இல்லாததுக்கு அப்புறம்னு ஒரு இடம் ஏதுப்பா? அந்த ஒண்ணை எங்க கொண்டுபோய் வைப்பீங்க?"

துர்தாலி தான் எழுதியதையே பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பில் எவனாவது இப்படி எழுதியிருந்தால் காதைத் திருகியிருப்பார். மகளைக் கொடுக்க மனம் வரவில்லை; சங்கதி அவ்வளவுதான். ஏதோ ஓர் ஓரத்தில், எவ்வளவு சின்னதாக இருந்தாலும், அவள் இன்னும் போய்ச் சேராத ஒரு மிச்சம் அவருக்கு வேண்டியிருந்தது.

"தெரியும்மா. தெரிஞ்சுதான் எழுதினேன்" என்றார் திரையைப் பார்த்து.

பிறகு கடைசியில் நின்ற ஒன்றைச் சட்டைக்கையால் துடைத்துவிட்டு, பெரியவரிடம், "உடைங்கய்யா" என்றார்.

ரொட்டி உடைந்தது. அத்தனை பேர் முன்னாலும் துர்தாலி விசும்பி விசும்பி அழுதார். ஹோஷிம்ஜான் எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். சமம் என்ற வார்த்தையை அவர் எடுக்கவே இல்லை.