பந்தியிலிருந்து எழுந்தவன்

என் தங்கை அல்லேலூயாக்காரர்களோடு சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்ட அன்று, இழவு விழுந்த வீட்டுக்காரன் போல நடந்துகொண்டேன். ஏலாக்குறிச்சிப் பக்கம் நாங்கள் பரம்பரை ஆர்.சி. நான் பள்ளி வாத்தியார். எங்கள் கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கிற பங்குப் பேரவையில் துணைத்தலைவர் வேறு. அரும்பாவூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன தங்கை, பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோது பெந்தெகொஸ்தே சபைக்காரர்கள் வந்து ஜெபித்தார்கள் என்று அவர்களோடே போய்விட்டாள். தண்ணீரில் முங்கி இரண்டாவது தடவை ஞானஸ்நானம் வாங்கினாள். நகை கூடாதென்று காதுத் தோட்டைக் கழற்றினாள். குழந்தையில் வாங்கிய ஞானஸ்நானம் என்ன, காலாவதி ஆகிவிட்டதா என்று போனில் கத்தினேன். "வேதத்தப் படிச்சுப் பாருண்ணே" என்றாள். கோயிலில் பூசைக்கு வேத வாசகம் வாசிக்கிற எனக்கே சொல்கிறாள்! பிறகு பல வருஷம் சரியாகப் பேசவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் அம்மா இறந்துபோனாள். தங்கை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டாள். அம்மா கையில் செபமாலை சுற்றியிருந்ததைப் பார்த்தும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. இறந்தவர்களுக்காகச் செபிக்கிற வழக்கம் அவர்கள் சபையில் கிடையாது, தீர்த்தமும் தெளிக்கமாட்டாள். "பெட்டி மூடறதுக்கு முன்ன ஒரே ஒரு பாட்டு பாடிக்கிறேண்ணே. அம்மாவுக்குப் புடிச்ச பாட்டு" என்று கேட்டாள். அப்போது வீட்டில் நாங்கள் மட்டும்தான் இருந்தோம். "பாடிக்க, அதுக்கென்ன" என்றேன். ஒரே பாயில் உட்கார்ந்து இருவரும் டீ குடித்தோம்.

பதினோரு மணிக்குப் பேரவை ஆட்கள் வந்தார்கள், பின்னாலேயே ஃபாதரின் கார். ஒருவர் என் காதோடு, "உங்க தங்கச்சி இங்க ஜெபக் கூட்டம் நடத்திடப் போவுது, பாத்துக்குங்க" என்று சிரித்தார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. பாயை விட்டு எழுந்து நின்று, "பாட்டெல்லாம் வேணாம், சும்மா இரு" என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெட்டியை மூடும்போதும் அந்தக் கையை எடுக்கவில்லை.

போன ஜனவரியில் பெரம்பலூரில் பல சபைகள் சேர்ந்து நடத்தும் கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரக் கூட்டம். ஃபாதர், லுத்தரன் சபைப் போதகரான ஐயர் எல்லோரும் மேடையில். என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேச்சுக்கு நானே தேடி எடுத்த பகுதி இது: அந்தியோக்கியாவில் பேதுரு, யூதரல்லாத விசுவாசிகளோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யூத ஆசாரம் பார்க்கிற ஆட்கள் யாக்கோபிடமிருந்து வந்ததும் அவர்களுக்குப் பயந்து பந்தியை விட்டு விலகிக்கொண்டார். பவுல் முகத்துக்கு நேரே கண்டித்தார். பவுலுக்குத் துணையாக நானும் பேதுருவைக் கிழி கிழியென்று கிழித்தேன். கொள்கை வித்தியாசம் ஆதித் திருச்சபையிலேயே இருந்தது, அதற்காகப் பந்தியை விட்டு எழலாமா என்று மேசையைத் தட்டினேன். நல்ல கைதட்டல். சத்தியமாகச் சொல்கிறேன், அம்மாவின் சாவு அப்போது என் நினைவுக்கு வரவே இல்லை.

கூட்டம் முடிந்து வெளியே டீயும் வடையும் கொடுத்தார்கள். தங்கை அவள் சபை வழக்கப்படி வெள்ளைச் சேலையில் வந்து நின்றாள். அவள் சபையை யாரும் அழைக்கவில்லை. நோட்டீஸில் என் பெயரைப் பார்த்து அவளாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

"நல்லா பேசுனண்ணே" என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"ஒண்ணு கேக்கணும். அந்த ஆளுங்க ஊருக்குப் போனதுக்கப்பறம், பேதுரு திரும்பி வந்து இவங்களோட ஒக்காந்தாரா?"

குரலில் குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குக் காது சுட்டது. அந்தப் பாயும் டீயும் அவள் வாயைப் பொத்திய முந்தானையும் ஒன்றாகக் கண் முன்னே வந்தன. பேதுருவை அல்ல, என்னைத்தான் மேடையில் கிழித்திருக்கிறேன். வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"வேதத்துல அது எழுதல" என்றேன்.

அதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். "சார், போட்டோவுக்கு வாங்க, எல்லாச் சபையும் ஒண்ணா நிக்கணும்."

"போயிட்டு வாண்ணே" என்றாள்.

நீயும் வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல் போனேன். ஒரு பக்கம் ஃபாதர், ஒரு பக்கம் ஐயர், நடுவில் சிரித்தபடி நான். திரும்பி வந்தபோது அவள் பஸ் ஏறிப் போயிருந்தாள். அம்மாவுக்காக அவள் பாட நினைத்தது எந்தப் பாட்டு என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.