உள்ளே விடாத பெயர்

மிளகு வாங்கும் வெளிநாட்டுக்காரருக்கு, அதைப் பயிரிட்டவரையே வீடியோ கூட்டத்தில் காட்டினால் என்ன என்று நான் வேலை செய்யும் அலுவிகாரை வாசனைத் திரவியக் கடையில் எனக்குத் திடீரெனத் தோன்றியது. முதலாளியும் சம்மதித்தார். நாவுல ஊரில் எங்களுக்கு மிளகு பயிரிடும் ரஹீம் நானாவுக்கு லிங்க் அனுப்பினேன்.

கூட்டத்தில் அவர் பெயர் காத்திருப்போர் பட்டியலில் வந்து நின்றது. முந்தைய நாள் ஒத்திகையில் அவருக்குப் பின்னால் ஆட்டுக்கொட்டில் தெரிந்ததை நினைத்து வெட்கப்பட்டேன். அவரை உள்ளே விடவேயில்லை. ஓடர், கூட்டத்தில் இருந்த நாலந்தா ஊர்த் தோட்டக்காரருக்குப் போனது.

பிறகு நானா அழைத்தார்.

"தம்பி, ஒரு மணித்தியாலமா சிரிச்சுக்கிட்டே இருந்தேன். பாத்தாங்களா?"

"பாத்தாங்க நானா. புடிக்கலயாம்."

"கொட்டில் தெரியக்கூடாதுன்னு பொண்டாட்டியோட புதுச் சீலையத் தொங்கவிட்டிருந்தேனே, அதுவுமா புடிக்கல?"

நாளை நாவுல பஸ் ஏறுகிறேன். முதலில் அவர் முகம் பார்த்து உண்மையைச் சொல்ல வேண்டும். அதன்பிறகும் என்னை உள்ளே விட்டால், அந்தக் கொட்டில் முன்னாலிருந்தே வெளிநாட்டுக்காரரை அழைத்துப் பார்ப்பேன்.