பூட்டிய ஆபீசின் தூசி

பழிவாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஒருவருக்கு ஒன்றரை வருடம் "வணக்கம் சார்" சொல்லியிருக்கிறேன். அவர் எங்கள் துறைத் தலைவர். நான் சிவகாசிப் பக்கம் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். சுற்றுச்சூழல் பாடமும், எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வரைபடம் போடுவதும் என் வகுப்புகள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

வேலைக்குச் சேர்ந்த வாரம், நான் உட்காரும் நாற்காலியைப் பார்க்க ஆசைப்பட்டு அம்மா வந்தாள். பட்டாசு ஆபீசில் வேலை முடிந்து நேராக வந்தவள். பட்டாசுத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத அலுமினியத் தூள் விரல்களில் இருந்தது. அவள் நாற்காலியைத் தொடப் போனபோது தலைவர், "ஏம்மா, எதையும் தொட்டுறாதீங்க. வெடிச்சுக்கிடிச்சு வச்சிரப் போகுது" என்றார். ஆசிரியர் அறையே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். மற்றவர்கள் சிரித்ததை மன்னித்துவிட்டேன். அம்மாவைச் சிரிக்க வைத்ததை மன்னிக்கவில்லை.

தலைவர் மதுரையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். தாயில்பட்டியில் ஒரு பட்டாசு ஆபீஸ் வாசலில் இருபது நாள் நின்று தூசி அளந்ததாகச் சொல்லித்தான் டாக்டர் பட்டம் வாங்கியிருந்தார். இரண்டாம் வருடம் அந்த எண்கள் அடங்கிய சி.டி.யை என்னிடம் நீட்டினார்.

"என் டேட்டாவ வச்சே பசங்களுக்கு கிராஃப் சொல்லிக்கொடு தம்பி. ஃபீல்டு ஒர்க்குன்னா என்னன்னு தெரியட்டும்."

அச்சடித்த ஆய்வேட்டில் நாள் ஒன்று, நாள் இரண்டு என்று மட்டும் இருந்தது. சி.டி.யில் தேதியே இருந்தது. பழைய காலண்டரைத் தேடிப் பார்த்தேன். தீபாவளிக்கு மறுவாரம் தொடங்கியிருந்தார். தீபாவளி முடிந்தால் எங்கள் பக்கம் ஆபீஸ்கள் பூட்டிக்கொள்ளும். பூஜை போட்டுத் திறக்க ஒரு மாதம் ஆகும். அந்த மாதம் எங்கள் வீட்டுக் குழம்பு தண்ணீராய்ப் போகும். பஸ் ஜன்னலிலிருந்து பார்ப்பவருக்குப் பூட்டிய ஆபீசும் திறந்த ஆபீசும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

தனியாகப் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கல்லூரிச் செயலாளர் வகுப்புகளைப் பார்வையிட வரும் நாளுக்காகக் காத்திருந்தேன். அன்று அவரும் தலைவரும் பின்வரிசையில் உட்கார்ந்திருக்க, "கீழ்க்கோட்டுல தேதியைப் போடுங்க. அந்த வருஷத் தீபாவளியையும் குறிச்சுக்கோங்க" என்று பலகையில் எழுதினேன். அதற்குமேல் நான் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. வகுப்பில் பாதிப் பேர் ஆபீஸ் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள்.

ஒரு மாணவி எழுந்தாள். "சார், தீபாவளிக்கு மறுவாரம் ஆபீஸ் பூட்டியில்ல கெடக்கும்? இங்கன தூசி எம்புட்டு ஏறிக் கெடக்கு!"

"போனஸ் கெடைக்காத பேயெல்லாம் வேலைக்கு வந்திருக்கும்லே" என்று பக்கத்திலிருந்தவனிடம் சொன்னான் ஒருவன்.

தலைவர் எழுந்து, "டைப்பிங் மிஸ்டேக்" என்றார்.

"இருபது நாளுமா சார்?" என்று மிகப் பணிவாகக் கேட்டேன்.

செயலாளர் சிரித்துவிட்டார். பட்டாசுக் கம்பெனி நடத்துகிற குடும்பம். ஆபீஸ் எப்போது பூட்டும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வகுப்பே சிரித்தது. வேறு வழியில்லாமல் தலைவரும் சிரித்தார். கண்ணை எடுக்காமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு இனிப்பாக இருந்தது.

சாயங்காலம் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடு. இல்லேன்னா ஜூன்ல உனக்கு மறுபடி வேலை ஆர்டர் வராது."

"எழுதுறேன் சார். மொதல்ல நீங்க எங்கம்மாவுக்கு ஒண்ணு எழுதிக் குடுங்க."

"உங்கம்மாவா? அவங்களை நான் பார்த்ததே இல்லையே!"

நடிக்கவில்லை. உண்மையிலேயே அவருக்கு நினைவில்லை. ஒன்றரை வருடமாக நான் தூக்கிச் சுமந்தது அவர் மனதில் ஒரு நாள்கூடத் தங்கவில்லை. எதற்காக அடி வாங்கினோம் என்றே தெரியாமல் வாங்கியிருக்கிறார். எடுத்துச் சொல்ல வார்த்தை வாய்வரை வந்தது. கேட்டுவிட்டு மறுபடியும் சிரித்தால் என்ன செய்வேனோ என்று பயந்து அடக்கிக்கொண்டேன்.

வெள்ளைத் தாளை மேசைமேல் அப்படியே வைத்துவிட்டு வந்தேன். ஜூனில் ஆர்டர் வரவில்லை.